வாட்ஸப் பேக் ஏன் நின்றுபோனது? இணைய நடுநிலை பற்றி ஓர் எளிய விளக்கம்

டெல்லி ராமகிருஷ்ணபுரத்தில், மலை மந்திருக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மாமி இருக்கிறார். மத்திய அரசுப் பணியில் இருந்த கணவருடன் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு கும்பகோணத்திலிருந்து வந்தவர். சென்ற மாதம் அவருடைய போனுக்கு நான் ரீசார்ஜ் செய்துகொண்டிருந்தபோது ஒரு கேள்வி கேட்டார்: "முன்னெல்லாம் வாட்ஸப்புக்கு மட்டும்னு கொஞ்சக் காசுக்குத் தனி ரீசார்ஜ் இருந்துதே, அதை ஏம்ப்பா எடுத்துட்டா? எனக்கு வேற எதுவுமே வேண்டாமே."

கேள்வி நியாயமானது. மலிவாகக் கிடைத்த ஒன்று கிடைக்காமல் போனால் யாருக்கும் வருத்தம் இருக்கும். அந்த பேக் மறைந்ததற்குக் காரணம், மாமி வசிக்கும் இதே நகரத்தில் 2016 பிப்ரவரி 8 அன்று வெளியான ஓர் ஒழுங்குமுறை. அதன் பின்னால் இருக்கும் கொள்கையை ஆங்கிலப் பெயரிலேயே நெட் நியூட்ராலிட்டி என்று பலரும் சொல்கிறார்கள். தமிழ் இதழ்கள் இணையச் சமநிலை என்றும் இணையச் சமத்துவம் என்றும் எழுதியிருக்கின்றன. நான் இங்கே இணைய நடுநிலை என்ற சொல்லைப் பயன்படுத்துகிறேன், ஏனென்றால் இந்தக் கொள்கை கேட்பது நடுவில் இருப்பவர் எந்தப் பக்கமும் சாயாமல் இருக்க வேண்டும் என்பதைத்தான்.

நடுவில் இருப்பவர் என்றால், நமக்கும் நாம் பார்க்க விரும்பும் தளத்துக்கும் இடையே தரவைச் சுமந்து வரும் நிறுவனம்: கைபேசி நிறுவனம், வீட்டுக்குக் கம்பி இழுத்துத் தரும் பிராட்பேண்ட் நிறுவனம். அந்த நிறுவனம் தன் வழியாகப் போகும் எல்லாத் தரவையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும், இது யாருடையது, என்ன செயலியுடையது, நமக்குப் போட்டியாளருடையதா என்று பார்த்து ஒன்றை வேகமாகவும் ஒன்றை மெதுவாகவும் விடக் கூடாது, ஒன்றுக்குக் காசும் ஒன்றுக்கு இலவசமும் என்று விலை வைக்கக் கூடாது என்பதே இணைய நடுநிலை. இந்தப் பெயரைப் பரவலாக்கியவர் டிம் வூ என்ற அமெரிக்கச் சட்ட அறிஞர். 2003-ல் வெளியான அவருடைய ஆய்வுக் கட்டுரை ஒன்றிலிருந்து இச்சொல் புழக்கத்துக்கு வந்தது.

சாய்வது எப்படிச் சாத்தியமாகிறது என்பதைப் புரிந்துகொள்ள, தரவு எப்படிப் பயணம் செய்கிறது என்பதைச் சற்றுப் பார்க்க வேண்டும். மாமி தன் பேத்திக்கு ஒரு கோலத்தின் படத்தை அனுப்பினால், அந்தப் படம் முழுதாக ஒரே பொருளாகப் போவதில்லை. அது சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்படுகிறது, ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் புறப்பட்ட முகவரியும் சேர வேண்டிய முகவரியும் எழுதப்படுகின்றன, வழியில் இருக்கும் ரவுட்டர்கள் சேர வேண்டிய முகவரியை மட்டும் பார்த்து அடுத்த ரவுட்டருக்குத் தள்ளிவிடுகின்றன, கடைசியில் பேத்தியின் போன் பொட்டலங்களை மறுபடி அடுக்கிப் படமாக்குகிறது. இணையத்தைத் தொடக்கத்தில் வடிவமைத்தவர்கள் நடுவில் இருக்கும் கருவிகளுக்கு இந்த எளிய வேலையைத்தான் கொடுத்தார்கள். பொட்டலத்துக்குள் கோலம் இருக்கிறதா, பாட்டு இருக்கிறதா, வங்கிக் கணக்கு இருக்கிறதா என்பது அவற்றுக்குத் தேவையில்லாத செய்தி.

ஆனால் பார்க்க நினைத்தால் பார்க்க முடியும். இன்று பெரும்பாலான தளங்கள் தரவைப் பூட்டித்தான் அனுப்புகின்றன, எனவே உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று நடுவில் இருப்பவர் படிக்க முடியாது. எந்த முகவரிக்குப் போகிறது, பெரும்பாலும் எந்தத் தளத்தின் பெயருக்குப் போகிறது என்பது மட்டும் தெரியும். வேறுபடுத்தி நடத்துவதற்கு அதுவே போதும். வாட்ஸப் பேக் வேலை செய்ததும் இப்படித்தான்: வாட்ஸப்பின் முகவரிகளுக்குப் போகும் பொட்டலங்களை ஒரு கணக்கிலும், மற்றவற்றை வேறு கணக்கிலும் நிறுவனம் எழுதியது.

மின்சாரத்தை எடுத்துக்கொள்வோம். டெல்லியில் 2019 ஆகஸ்டில், மாதம் 200 யூனிட் வரை செலவழிக்கும் வீடுகளுக்கு மின்கட்டணம் இல்லை என்றானது. அதற்கு மேல் போனால் கட்டணம் கூடும். இதில் யாருக்கும் குழப்பம் இல்லை, ஏனென்றால் மீட்டர் எவ்வளவு ஓடியது என்பதை மட்டும் பார்க்கிறது. அந்த மின்சாரத்தில் கிரைண்டர் ஓடியதா, கூலர் ஓடியதா, அந்தக் கிரைண்டர் எந்தக் கம்பெனி என்று அது கேட்பதில்லை. இணைய நடுநிலையும் இதே அளவுக்குத்தான் கேட்கிறது. அதிகம் பயன்படுத்துபவரிடம் அதிகம் வாங்கலாம். வேகமான இணைப்புக்குக் கூடுதல் விலை வைக்கலாம். இரவில் மலிவாகத் தரலாம், தினசரி அளவு தீர்ந்ததும் வேகத்தைக் குறைக்கலாம். இவை அனைத்தும் எல்லாத் தளங்களுக்கும் ஒன்றுபோல இருக்கும்வரை நடுநிலைக்கு எதிரானவை அல்ல. இதைத் தனியாகச் சொல்லக் காரணம், "எல்லோருக்கும் ஒரே விலை, ஒரே வேகம் வேண்டும் என்பதுதான் நெட் நியூட்ராலிட்டி" என்று நன்கு படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். அது தவறு.

நடுநிலை மீறல் பல வடிவில் வரும். முதலாவது, அப்பட்டமாகத் தடுப்பது. அமெரிக்காவில் மேடிசன் ரிவர் என்ற சிறிய தொலைபேசி நிறுவனம், இணையம் வழியாகப் பேச உதவும் வோனேஜ் சேவையைத் தன் வாடிக்கையாளர்களுக்கு வராமல் தடுத்தது. அந்தச் சேவை தன்னுடைய தொலைபேசி வருமானத்தைத் தின்றுவிடும் என்பதுதான் காரணம். 2005-ல் அந்நாட்டுத் தொடர்பு ஆணையம் தலையிட்டு, 15,000 டாலர் கட்டவைத்து, தடுப்பதை நிறுத்தவைத்தது. இரண்டாவது, தடுக்காமல் மெதுவாக்குவது. 2007-ல் அமெரிக்க இணையச் சேவை நிறுவனமான காம்காஸ்ட், பிட்டோரண்ட் வழியான கோப்புப் பரிமாற்றத்தைச் சத்தமில்லாமல் இடையூறு செய்தது வெளியே தெரிந்தது. மெதுவாக்குவது தடுப்பதைவிடக் கெடுதலானது என்பது என் கருத்து, ஏனென்றால் தடுத்தால் நமக்குத் தெரியும். மெதுவாக்கினால் அந்தத் தளமே சரியில்லை என்று நினைத்து நாமாகவே விலகிவிடுவோம். மூன்றாவது, பணம் கொடுக்கும் தளத்துக்கு மட்டும் தனி வேகப் பாதை போட்டுத் தருவது. நான்காவது, ஒரு சில தளங்களுக்கு மட்டும் டேட்டா கணக்கில் சேர்க்காமல் விடுவது. இந்த நான்காவதுதான் மாமியின் பேக்கோடு தொடர்புடையது, இந்தியாவில் பெரிய சண்டைக்கு வழிவகுத்ததும் இதுதான். நல்லதைப்போலத் தோன்றுவதால் இதைப் புரிந்துகொள்வதும் கடினம், எனவே இங்கே சற்று நிற்க வேண்டும்.

2014 டிசம்பரில் ஏர்டெல் நிறுவனம், இணையம் வழியாகப் பேசும் அழைப்புகள் சாதாரண டேட்டா பேக்கில் அடங்காது, அவற்றுக்குத் தனிக் கட்டணம் என்று அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் அதை நிறுத்திவைத்தது. அடுத்த 2015 மார்ச் இறுதியில், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், இணையச் செயலிகளை ஒழுங்குபடுத்த வேண்டுமா என்று கேட்டு ஒரு கலந்தாய்வுத் தாளை வெளியிட்டது. நூற்றுக்கும் அதிகமான பக்கங்கள், 20 கேள்விகள், வழக்கமாகத் தொலைத்தொடர்பு வழக்கறிஞர்கள் மட்டுமே படிக்கும் நடை. ஆனால் இம்முறை தன்னார்வலர்கள் சிலர் அதைச் சாதாரண மொழியில் சுருக்கி, பதில்களின் மாதிரியையும் தயாரித்து இணையத்தில் வைத்தார்கள். ஜவஹர்லால் நேரு மார்க்கில் இருந்த டிராய் அலுவலகத்துக்குச் சில வாரங்களில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் போய்ச் சேர்ந்தன. அதே ஏப்ரலில் ஏர்டெல் ஜீரோ என்ற திட்டம் அறிவிக்கப்பட்டது: செயலி நிறுவனம் பணம் கட்டினால், அந்தச் செயலியைப் பயன்படுத்துபவருக்கு டேட்டா இலவசம். அதில் சேர இருந்த ஃபிளிப்கார்ட், மக்களின் கோபத்தைப் பார்த்துச் சில நாட்களில் விலகிக்கொண்டது.

இன்னொரு பக்கம் ஃபேஸ்புக், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து 2015 பிப்ரவரியில் இந்தியாவில் ஒரு திட்டத்தைத் தொடங்கியிருந்தது. அதன் பெயர் இன்டர்நெட்.ஆர்க், செப்டம்பரில் ஃப்ரீ பேசிக்ஸ் என்று மாறியது. தேர்ந்தெடுத்த சில தளங்களை மட்டும் ஏழைகள் காசில்லாமல் பார்க்கலாம் என்பதே திட்டம். ஃபேஸ்புக் அதில் இருந்தது, கூகுளும் யூடியூபும் இல்லை. சேர விரும்பும் தளங்கள் ஃபேஸ்புக் வகுத்த தொழில்நுட்ப நிபந்தனைகளுக்குப் பொருந்த வேண்டும், போக்குவரத்தும் ஃபேஸ்புக்கின் இடைக் கணினிகள் வழியாகவே போகும். அந்த அக்டோபர் 28 அன்று மார்க் ஸக்கர்பெர்க் டெல்லி ஐஐடிக்கு வந்து மாணவர்களிடம் பேசினார். நான் அப்போது முனிர்காவில், ஐஐடியிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் குடியிருந்தேன். அன்று மாலை டீக்கடையில்கூட அதே பேச்சுத்தான். இணைய நடுநிலை பற்றி அவரிடம் கேட்கப்பட்டபோது, தாம் அதை ஆதரிப்பதாகவும், ஃப்ரீ பேசிக்ஸ் அதற்கு முரணானது அல்ல என்றும் அவர் வாதிட்டார். டிசம்பரில் நாளிதழ்களில் முழுப் பக்க விளம்பரங்கள் வந்தன, ஃபேஸ்புக்கைத் திறந்தால் "டிராய்க்கு ஆதரவு மின்னஞ்சல் அனுப்புங்கள்" என்ற வேண்டுகோள் வந்தது.

இலவசத்தை ஏன் எதிர்க்க வேண்டும்? ஒன்றுமே இல்லாதவருக்கு நாலு தளமாவது கிடைக்கட்டுமே என்ற வாதம் மனத்தைத் தொடக்கூடியது, அதை எளிதாக ஒதுக்கிவிடக் கூடாது. இதற்கும் டெல்லியிலிருந்தே ஒரு விளக்கம் சொல்கிறேன். 2019 அக்டோபர் 29 அன்று இந்நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தது. நடத்துநர் ஓர் இளஞ்சிவப்புச் சீட்டைக் கிழித்துத் தந்தார். அந்தச் சீட்டில் ஒரு பெண் சப்தர்ஜங் மருத்துவமனைக்குப் போக முடிந்தது, சரோஜினி நகர் சந்தைக்குப் போக முடிந்தது, வேலை தேடி நொய்டா எல்லை வரை போக முடிந்தது; எங்கே இறங்குகிறாய் என்று யாரும் கேட்டதில்லை. இப்போது வேறுவிதமாகக் கற்பனை செய்து பாருங்கள். ஒரு பெரிய அங்காடியின் முதலாளி பேருந்து நிறுவனத்துடன் பேசி, தன் கடை வாசலில் இறங்கும் பெண்களுக்கு மட்டும் பயணம் இலவசம் என்று ஏற்பாடு செய்கிறார். சந்தைக்கும் பள்ளிக்கும் போகிறவர்கள் சீட்டு வாங்க வேண்டும். ஏழைப் பெண்ணுக்கு இது ஓர் உதவி என்று அவர் விளம்பரமும் செய்யலாம். ஆனால் காசில்லாத பெண்ணின் ஊர் அந்தக் கடையோடு முடிந்துவிடுகிறது; சந்தையில் தட்டு வைத்துக் காய் விற்கும் இன்னொரு பெண்ணிடம் யாரும் வருவதில்லை. காசு உள்ளவர்களுக்கு முழு நகரம், இல்லாதவர்களுக்கு ஒரு கடை. இரண்டு சீட்டுமே இலவசம்தான். போகுமிடத்தை யார் தீர்மானிக்கிறார் என்பதில்தான் வேறுபாடு.

காய் விற்கும் பெண்ணை நான் வெறும் உவமைக்காகச் சொல்லவில்லை. தமிழில் எழுதுபவர்களும் படிப்பவர்களும் அவர் இடத்தில்தான் இருக்கிறோம். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது: பல நாடுகளில் சிதறியிருந்த தமிழர்கள், சம்பளம் இல்லாமல், பழைய தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தும் பிழை திருத்தியும் இணையத்தில் ஏற்றினார்கள். அவர்கள் எந்த நாட்டின் எந்தத் தொலைபேசி நிறுவனத்திடமும் அனுமதி கேட்கவில்லை, யாருடைய இலவசப் பட்டியலிலும் இடம்பிடிக்கப் பேரம் பேசவில்லை. டெல்லியில் தமிழ் நூலகம் தேடி அலைந்த மாணவனாக நான் அந்தப் பக்கங்களை ஒரு பிரௌசிங் சென்டரில் திறந்தபோது, உலகின் மிகப் பெரிய நிறுவனத்தின் பக்கம் எந்த வழியாக வந்ததோ அதே வழியாகத்தான் அவையும் வந்தன. பேரம் பேசும் முறை நிலைத்திருந்தால், பேரம் பேச ஆள் இருப்பவர்கள் மட்டுமே பட்டியலில் இருப்பார்கள். சிறிய மொழிகளின் தளங்கள், தன்னார்வலர்கள் நடத்தும் தளங்கள், நாளை ஒருவர் தொடங்கப்போகும் தளம் ஆகியவற்றுக்காக அந்த மேசையில் உட்கார யாரும் இல்லை.

ஆனால் இந்த வாதத்துக்கும் ஒரு விலை உண்டு, அதை மறைக்க நான் விரும்பவில்லை. விக்கிப்பீடியாவை நடத்தும் அறக்கட்டளை 2012-ல் விக்கிப்பீடியா ஜீரோ என்ற திட்டத்தைத் தொடங்கியது. பல வளரும் நாடுகளில் கைபேசி நிறுவனங்கள் விக்கிப்பீடியாவுக்கு மட்டும் டேட்டா கட்டணம் வாங்கவில்லை. அதில் லாப நோக்கம் இல்லை, கல்வி மட்டுமே நோக்கம். நடுநிலைக் கொள்கையைக் கண்டிப்பாகப் பிடித்தால் இதுவும் கூடாது, இந்தியாவின் விதியிலும் இதற்குத் தனிச் சலுகை இல்லை. ஓர் ஏழை மாணவனுக்கு இதனால் நேர்ந்த இழப்பு உண்மையானது. இருந்தும் நான் கண்டிப்பான விதியின் பக்கம் நிற்கிறேன், ஏனென்றால் எது நல்ல தளம் என்று பிரித்துப் பார்க்கும் அதிகாரத்தை ஒருமுறை கைபேசி நிறுவனத்திடம் கொடுத்துவிட்டால், அது நாம் விரும்பும் தளத்தோடு நிற்காது. அந்தத் திட்டத்தை அறக்கட்டளையே 2018-ல் நிறுத்திக்கொண்டது.

டிராய் எடுத்த முடிவு இதுதான். 2016 பிப்ரவரி 8-ல் வந்த ஒழுங்குமுறையின்படி, உள்ளடக்கத்தைப் பொறுத்து டேட்டாவுக்கு வேறுவேறு விலை வைக்கக் கூடாது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் ரூபாய் அபராதம். பேரிடர் போன்ற அவசரக் காலத்தில் மட்டும் அவசரச் சேவைகளுக்கு விலக்கு. சில நாட்களில் ஃபேஸ்புக் இந்தியாவில் ஃப்ரீ பேசிக்ஸை நிறுத்திக்கொண்டது. வாட்ஸப் பேக், ஃபேஸ்புக் பேக் என்று விற்றுக்கொண்டிருந்தவையும் இந்த விதியால்தான் போயின. மாமியின் கேள்விக்கு நேரான பதில் இதுவே.

விதி வந்தபோது, ஏழைகள் இனி இணையத்துக்கு வரவே முடியாது என்று சிலர் அஞ்சினார்கள். நடந்தது வேறு. அதே ஆண்டு செப்டம்பர் 5 அன்று ஜியோ தன் சேவையைத் தொடங்கி, முதல் சில மாதங்களுக்கு எல்லாத் தளங்களுக்கும் பொதுவாக டேட்டாவை இலவசமாகவே கொடுத்தது. தளம் பார்த்துக் கொடுக்காததால் அது விதிக்கு உட்பட்டதுதான். போட்டியில் மற்றவர்களும் விலையைக் குறைத்தார்கள். 2014-ல் 1 ஜிபிக்கு 200 ரூபாய்க்கு மேல் இருந்த சராசரி விலை, 2018-ல் 15 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. இந்த வீழ்ச்சிக்கு நடுநிலை விதிதான் காரணம் என்று சொல்வது பொய்யாகும், போட்டிதான் காரணம். இலவசப் பட்டியல் இல்லாமலே இணையம் ஏழைகளிடம் போய்ச் சேர முடியும் என்பதை மட்டும் அது காட்டியது.

விலை பற்றிய விதி அப்படி வந்தது. வேகம், தடுப்பு ஆகியவை பற்றி டிராய் 2017 நவம்பர் 28-ல் தன் பரிந்துரைகளைக் கொடுத்தது. 2018 ஜூலையில் தொலைத்தொடர்புத் துறை அவற்றை ஏற்று, பிறகு நிறுவனங்களின் உரிமங்களிலேயே சேர்த்தது. நெரிசல் நேரத்தில் நியாயமான போக்குவரத்து மேலாண்மை செய்யலாம், அது தற்காலிகமாகவும் தேவைக்கு ஏற்ற அளவிலும் வெளிப்படையாகவும் இருக்க வேண்டும். தொலைவிலிருந்து அறுவைச் சிகிச்சை செய்வது போன்ற, சாதாரண இணையத்தில் உறுதியாக நடத்த முடியாத சிறப்புச் சேவைகளுக்கு விலக்கு உண்டு. பெரிய நிறுவனங்கள் தங்கள் வீடியோக்களின் நகல்களை நமக்கு அருகிலுள்ள கணினிகளில் வைத்து வேகமாகத் தரும் ஏற்பாட்டையும் விதி தொடவில்லை. இந்தக் கடைசி விலக்கு, பணமுள்ள தளங்களுக்கு ஓரளவு சாதகமாகத்தான் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இன்னும் சிலவற்றை இணைய நடுநிலையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வது வழக்கம். அரசு உத்தரவால் இணையத்தையே நிறுத்துவது வேறு விஷயம். 2019 டிசம்பர் 19 அன்று குடியுரிமைச் சட்டத் திருத்தத்துக்கு எதிரான போராட்டத்தின்போது டெல்லியின் சில பகுதிகளில் கைபேசிச் சேவையே நின்றது. 2021 ஜனவரி 26 அன்று விவசாயிகள் இருந்த சிங்கு, காஸிபூர், டிக்ரி எல்லைகளில் இணையம் நிறுத்தப்பட்டது. அவை பேச்சுரிமை பற்றிய, இதைவிடப் பெரிய கேள்விகள்; ஆனால் அங்கே சாய்ந்தது கம்பி இழுத்தவர் அல்லர். தேடல் முடிவில் யாரை மேலே காட்டுவது, செயலிக் கடையில் யாரிடம் எவ்வளவு கமிஷன் வாங்குவது ஆகியவையும் நடுநிலை விதிக்குள் வருவதில்லை. அவற்றை, சந்தையில் போட்டி நேர்மையாக நடக்கிறதா என்று கண்காணிக்கும் இந்தியப் போட்டி ஆணையம் பார்க்கிறது. ஆண்ட்ராய்டு தொடர்பான வழக்கில் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது அந்த ஆணையம்தான்.

ரீசார்ஜோடு சேர்த்து ஓடிடி சந்தா இலவசம் என்கிறார்களே, அது மட்டும் எப்படி என்று மாமியின் மகன் கேட்டார். அங்கே இலவசமாகக் கிடைப்பது சந்தா. படம் பார்க்கச் செலவாகும் டேட்டா மற்ற தளங்களைப் போலவே கணக்கில் ஏறுகிறது. எனவே விதியின் எழுத்து மீறப்படவில்லை. ஆயினும் பெரிய ஓடிடிகள் மட்டுமே இப்படிக் கைகோத்துக்கொள்ள முடிகிறது என்பதால், இது எனக்கு உவப்பாக இல்லை.

விதி ஒருமுறை வந்துவிட்டால் நிலைத்துவிடும் என்றும் நினைக்க முடியாது. அமெரிக்காவில் 2015-ல் தொடர்பு ஆணையம் வலுவான நடுநிலை விதியைக் கொண்டுவந்தது, ஆட்சி மாறிய பிறகு 2017 டிசம்பரில் அதே ஆணையம் அதை நீக்கியது, 2024 ஏப்ரலில் மறுபடி கொண்டுவந்தது, 2025 ஜனவரி 2 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆணையத்துக்கு அந்த அதிகாரமே இல்லை என்று அதை ரத்து செய்தது. பத்தாண்டுகளில் நான்கு திருப்பங்கள்.

இங்கே இப்போது நடக்கும் விவாதம் பணப் பங்கைப் பற்றியது. ஒருசில பெரிய வீடியோ நிறுவனங்களால்தான் எங்கள் வலைப்பின்னல் நிரம்பி வழிகிறது, கோபுரம் கட்டுவது நாங்கள், சம்பாதிப்பது அவர்கள், எனவே அவர்களும் எங்களுக்குப் பங்கு தர வேண்டும் என்று கைபேசி நிறுவனங்கள் கேட்கின்றன. கேட்கும்போது நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் அந்த வீடியோவை யாரும் நம் மேல் திணிக்கவில்லை. நாம் கேட்டதால் வந்தது, வருவதற்கான டேட்டாவுக்கு நாம் ஏற்கெனவே காசு கட்டியிருக்கிறோம், வீடியோ நிறுவனமும் தன் பக்கத்து இணைப்புக்குக் காசு கட்டியிருக்கிறது. தரவை அனுப்பும் பக்கமே வலைப்பின்னலுக்குப் பணம் தர வேண்டும் என்ற ஏற்பாடு தென் கொரியாவில் இருக்கிறது. விளையாட்டுகளை நேரலையாகக் காட்டும் ட்விட்ச் நிறுவனம், அங்குள்ள வலைப்பின்னல் கட்டணம் பிற நாடுகளைவிடப் பத்து மடங்கு என்று கூறி, 2024 பிப்ரவரியில் அந்நாட்டைவிட்டே வெளியேறியது. நம் நாட்டில் அப்படி ஒரு கட்டணம் வந்தால், மிகப் பெரியவர்கள் கட்டிவிடுவார்கள். அடுத்த நிலையில் இருப்பவர்கள்தான் திணறுவார்கள்.

2022 அக்டோபர் 1 அன்று டெல்லி பிரகதி மைதானத்தில் தொடங்கி வைக்கப்பட்ட 5ஜி இன்னொரு கேள்வியைக் கொண்டுவந்திருக்கிறது. ஒரே வலைப்பின்னலை மென்பொருளால் பல பாதைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வேறு தரம் கொடுக்க 5ஜியால் முடியும். மருத்துவமனைக்கு ஒரு பாதை என்றால் அது சிறப்புச் சேவை. ஒரு குறிப்பிட்ட விளையாட்டுச் செயலிக்கு ஒரு பாதை என்றால் அது பழைய வேகப் பாதையே. கோடு எங்கே என்பதை இனிதான் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

உங்கள் வீட்டில் இணையம் மெதுவாக இருந்தால் உடனே பாகுபாடு என்று சந்தேகிக்க வேண்டாம். எங்கள் குடியிருப்பில் இரவு ஒன்பது மணிக்கு எல்லா வீட்டிலும் வீடியோ ஓடும், ஒரே கம்பியை எல்லோரும் பங்கிட்டுக்கொள்வதால் எல்லாத் தளங்களும் ஒன்றாகவே மந்தமாகும், அது நெரிசல். ஒரே ஒரு தளம் மட்டும் பல நாள் தொடர்ந்து மெதுவாக இருந்து, அதே நேரத்தில் வேறு நிறுவனத்தின் இணைப்பிலோ விபிஎன் (எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பதை இணைப்பு தரும் நிறுவனத்திடமிருந்து மறைக்கும் வழி) வழியாகவோ திறந்தால் வேகமாக வருகிறது என்றால் கவனிக்கலாம். அப்போது நாள், நேரம், ஸ்க்ரீன்ஷாட் ஆகியவற்றோடு நிறுவனத்தின் புகார் மையத்தில் எழுதிப் புகார் எண்ணை வாங்குங்கள். தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கும், பிறகு தொலைத்தொடர்புத் துறையின் பொதுக் குறைதீர் பிரிவுக்கும் போகலாம். டிராய் தனிநபர் புகார்களை நேரடியாக விசாரிப்பதில்லை.

இத்தனையும் கேட்ட பிறகு மாமி சொன்னது: "எல்லாம் சரி, ஆனா எனக்குப் பணம் ஜாஸ்தியாத்தானே போறது?" அவர் சொல்வது உண்மை. நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி தரும் திட்டத்தில் அவர் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தொடுவதில்லை. ஆனால் இந்தக் குறைக்கு மருந்து வாட்ஸப்புக்கு மட்டுமான பேக் அல்ல. மாதம் முழுவதற்கும் 1 ஜிபி, எந்தத் தளத்துக்கு வேண்டுமானாலும், குறைந்த விலையில் என்று ஒரு சிறிய பேக் வந்தால் அவருடைய தேவை தீர்ந்துவிடும். அப்படி விற்பதை நடுநிலை விதி சிறிதும் தடுக்கவில்லை. நிறுவனங்கள் நினைத்தால் நாளையே விற்கலாம். டேட்டாவே வேண்டாத முதியவர்களுக்காக, பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான ரீசார்ஜ் கட்டாயம் இருக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் விதி கொண்டுவந்தது. கொஞ்சமாக டேட்டா வேண்டுபவர்களுக்கும் அதுபோல ஒன்றைக் கேட்க இடம் இருக்கிறது. டிராயின் கலந்தாய்வுத் தாள்கள் எல்லாம் அதன் தளத்தில் வெளியாகின்றன, யாரும் மின்னஞ்சலில் கருத்து அனுப்பலாம், வந்த கருத்துகள் பொதுவில் வைக்கப்படுகின்றன. கட்டணம் பற்றிய அடுத்த தாள் வரும்போது தனக்குச் சொல்லும்படி மாமி கேட்டிருக்கிறார். தமிழில் அவர் சொல்லச் சொல்ல, நான் ஆங்கிலத்தில் எழுதி, அவர் பெயரில் அனுப்புவதாக ஏற்பாடு.